ஹாலுக்குள் ஒரு ரப்பர் செடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் வீட்டுக்குள் வளர்க்கும் ரப்பர் செடியைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்து குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், பாதி ஃபிளாட்டுகளில் இந்தச் செடி ஏதாவது ஒரு மூலையில் இலையை உதிர்த்துக்கொண்டு நிற்கிறது போலிருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்க ரப்பர் செடிதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நர்சரியில் நல்ல செழிப்பான செடியாகப் பார்த்து வாங்கினேன். ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன். ஆனாலும் கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுகின்றன. தண்ணீர் போதவில்லையா?
*வாசகி, மடிப்பாக்கம்*

போதாமல் இல்லை அம்மா, அதிகம். தினமும் ஒரு சொம்பு என்பது மொட்டை மாடியில் வெயிலில் நிற்கும் செம்பருத்திக்குச் சரி. டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கும் செடிக்கு அது தண்டனை.

வெளிச்சம் குறைந்தால் இலை வேலை செய்வதும் குறையும், இலை வழியாக வெளியேறும் நீரும் குறையும், வேர் உறிஞ்சுவதும் குறையும். ஆனால் நீங்கள் ஊற்றும் அளவு மட்டும் குறைவதில்லை. மண்ணுக்குள் காற்று இருக்க வேண்டிய இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் நின்றுவிட, வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேரால் தண்ணீர் எடுக்க முடியாது என்பதால் இலை தொங்கிப்போகிறது. அதைப் பார்த்து, பாவம் தாகமாக இருக்கிறது என்று நாம் இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். வீட்டுச் செடிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் போகின்றன, காய்ந்து போவது குறைவு.

முதலில் இடத்தை மாற்றுங்கள். ஜன்னலை விட்டு ஆறடி தள்ளினாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். நம் கண் சமாளித்துக்கொள்வதால் நமக்குத்தான் தெரிவதில்லை. பகல் பதினோரு மணிக்கு எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் போட்டு, அதற்கு ஒரு சாண் மேலே கையைப் பிடித்துப் பாருங்கள். ஓரம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் கையின் நிழல் என்று தெரிந்தால் போதும், அங்கே ரப்பர் செடி வாழும். நிழலே விழவில்லையென்றால் அந்த இடத்தில் பொம்மையையோ போட்டோவையோ வையுங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னலில் காலை வெயில் நேரடியாகப் பட்டாலும் பிரச்சினை இல்லை. மேற்கு ஜன்னலில் ஏப்ரல், மே மாத மதிய வெயில் பட்டால் இலையில் காய்ந்த தவிட்டு நிறத் திட்டு விழும். அங்கே மட்டும் ஒரு மெல்லிய திரை தேவை.

அப்புறம் தண்ணீர். கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், அந்த ஆழத்திலும் மண் காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியே வரும் வரை நிறைய ஊற்றிவிட்டு, மறுபடி காயும் வரை மறந்துவிடுங்கள். விரலில் மண் ஒட்டுவது பிடிக்காதவர்கள் ஐஸ் குச்சியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்து, ஈரம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். சென்னையில் மே மாதம் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தேவைப்படும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனாலும் மண் காயாது. அதனால்தான் அட்டவணை போடாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. நர்சரியில் ஷேட் நெட்டுக்குக் கீழே நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த செடி வீட்டுக்குள் வந்ததும் இரண்டு மூன்று கீழ் இலைகளை உதிர்ப்பது சகஜம். புது இடத்துக்குத் தக்கபடி சுமையைக் குறைத்துக்கொள்கிறது. மூன்று மாதம் கழித்தும் தொடர்ந்து விழுவதுதான் கவலைப்பட வேண்டியது.

தொட்டி மாற்றலாம் என்று கவரைக் கிழித்தால், உள்ளே வேரைச் சுற்றி கல் மாதிரி களிமண் உருண்டை. அதை அப்படியே நட வேண்டுமா, உடைக்க வேண்டுமா?
*வாசகர், கோவை*

நம் ஊர் நர்சரிகளுக்கு வரும் செடிகளில் நிறைய ஆந்திராவில் ராஜமகேந்திரவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடியம் பகுதியிலிருந்து லாரியில் வருபவை. வழியில் காயாமல் இருக்கவும், வேர் ஆடாமல் இருக்கவும் ஒட்டும் களிமண் வசதி. அவர்களுக்கு வசதி, நமக்குத் தலைவலி. அந்த உருண்டையை அப்படியே எடுத்து நல்ல பொலபொலப்பான மண் கலவைக்குள் வைத்தால், சுற்றியுள்ள மண் காய்ந்துவிடும், நடுவில் இருக்கும் களிமண் ஒன்று பல நாள் சொதசொதவென்று இருக்கும் அல்லது ஒருமுறை காய்ந்தால் மறுபடி தண்ணீரையே ஏற்காது. மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு பக்கெட் தண்ணீரில் உருண்டையை அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு விரலால் வெளிப்பக்கக் களிமண்ணை மெதுவாகக் கரைத்து எடுங்கள், பாதி போனால் போதும். வேர் முழுவதையும் கழுவி அம்மணமாக்கினால் செடி அதிர்ச்சியில் இலையெல்லாம் கொட்டிவிடும். மிச்சத்தை அடுத்த முறை தொட்டி மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். மண் கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு ஆற்று மணல் அல்லது பெர்லைட் என்கிற லேசான வெள்ளைத் துகள். கோகோபீட்டை அதிகம் போடாதீர்கள், எடை குறைவாக இருக்கிறது என்று எல்லோரும் அதையே நிரப்புகிறார்கள், வீட்டுக்குள் அது லேசில் காயாது.

தொட்டி முன்பிருந்ததைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும், வளரத்தானே போகிறது என்று ஒரேயடியாகப் பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது நம்மூரில் எல்லோரும் சொல்லும் ஒன்று. உண்மையில் மண்ணும் ஜல்லியும் சேரும் இடத்தில் தண்ணீர் தயங்கி நிற்கும், ஈரமான பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளையின் மேல் ஒரு ஓட்டுத் துண்டு, மண் கொட்டாமல் இருக்க, அவ்வளவுதான். துளையே இல்லாத பீங்கான் தொட்டி அழகாக இருக்கிறது என்று வாங்கிவிட்டீர்களா? செடி இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கி வையுங்கள், தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுங்கள்.

எங்கள் பக்கம் பால் வெட்டும் ரப்பர் மரமும் இதுவும் ஒன்றா? அந்த இலைக்கும் இந்த இலைக்கும் சம்பந்தமே இல்லையே?
*வாசகர், குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்*

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், சம்பந்தம் இல்லைதான். உங்கள் ஊரில் சிரட்டை கட்டிப் பால் எடுப்பது ஹெவியா பிரேசிலியன்சிஸ், தென் அமெரிக்கக் காட்டு மரம், ஆமணக்குக் குடும்பம். ஒரு காம்பில் மூன்று இலை இருக்கும், வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக இலை உதிர்க்கும். ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876-ல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே வருடம் இலங்கைக்கு வந்தது. கேரளாவில் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் 1902-ல் தோட்டம் போட்டார்கள்.

ஹாலில் நிற்பது ஃபைகஸ் எலாஸ்டிகா. ஆல், அரசு, அத்தி எல்லாம் இதற்கு நெருங்கிய சொந்தம், பலா கொஞ்சம் தூரத்துச் சொந்தம். வடகிழக்கு இந்தியாவிலிருந்து மியான்மர், மலேசியா, ஜாவா வரை இயற்கையாக வளர்வது, வருடம் முழுக்கப் பச்சை. இதிலும் பால் உண்டு, ஹெவியா வந்து சந்தையைப் பிடிப்பதற்கு முன்னால் அஸ்ஸாமில் இதைக் கீறித்தான் ரப்பர் எடுத்தார்கள். தொழில் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பால் வடியும் செடி வீட்டுக்குள் ஆகாது, குடும்பத்தில் சண்டை வரும் என்று என் மாமியார் சொல்கிறார். வாஸ்துப்படி வைக்கலாமா?
*வாசகி, திருச்சி*

வாஸ்து எனக்குத் தெரியாது, செடி தெரியும். வாசலில் பூஜைக்கென்று நந்தியாவட்டை வைத்திருப்பீர்கள், அதை ஒடித்தாலும் பால்தான். கொல்லைப் பப்பாளியிலும் பால்தான். எருக்கம்பால், கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும், அந்த ஜாக்கிரதை உணர்ச்சியிலிருந்து வந்த பேச்சாக இருக்கலாம் என்பது என் ஊகம். அதில் நியாயமும் இருக்கிறது. ரப்பர் செடியின் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும், கண்ணில் படவே கூடாது. மாமியாரிடம் வாதாடாமல் பால்கனியில் வைத்துவிடுங்கள் என்பேன். செடிக்கும் அங்கேதான் வெளிச்சம் அதிகம், சண்டையும் மிச்சம்.

இரவில் படுக்கையறையில் செடி வைத்தால் ஆக்ஸிஜன் குறைந்துவிடுமா? ரப்பர் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று நர்சரிக்காரர் சொல்லி ஐந்து செடி வாங்க வைத்துவிட்டார்.
*வாசகர், சேலம்*

இரண்டுக்கும் ஒரே பதில்: ஒரு தொட்டிச் செடி நீங்கள் நினைக்கும் அளவுக்கு நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. இரவில் செடி சுவாசிக்கும், உண்மைதான். ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் ஒரு மனிதர் எடுத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது. பயப்படாமல் தூங்குங்கள்.

காற்றுச் சுத்திகரிப்புக் கதைக்கு மூலம் 1989-ல் வந்த நாசா ஆய்வு. அதில் மூடிய சிறு கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன் போன்ற ரசாயனங்களைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள், குறைந்தது. நம் வீடு பெட்டி இல்லையே. கதவு ஜன்னல் இடுக்கு வழியாகவே காற்று மாறிக்கொண்டிருக்கிறது. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சாதாரணக் கட்டடத்தில் நடக்கும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று வந்தது. ஹாலில் செடி இருக்கும், நீங்கள் நிற்க இடம் இருக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐந்து செடியும் வீண் இல்லை, பார்க்க நன்றாக இருக்கும், அதற்குத்தானே வாங்குகிறோம்.

எங்கள் அபார்ட்மெண்டில் போர் தண்ணீர் ஒரே உப்பு. ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறேன். மண்ணின் மேல் வெள்ளையாகப் படிகிறது.
*வாசகி, சோழிங்கநல்லூர்*

ஆர்.ஓ. கழிவு என்பது நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்தது போக மிஞ்சும் உப்புக் குவியல். ஏற்கெனவே உப்புத் தண்ணீர், அதிலும் செறிவானது. தரையில் இருக்கும் தென்னை தாங்கும், தொட்டிக்குள் உப்புக்குப் போக வழி கிடையாது. இலை ஓரம் காய்ந்து பழுப்பாவதும் இதனால்தான். அந்தத் தண்ணீரை பாத்ரூம் கழுவப் பயன்படுத்துங்கள்.

உங்கள் வீட்டிலேயே நல்ல தண்ணீர் ஒன்று சொட்டிக்கொண்டிருக்கிறது, ஏசி தண்ணீர். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் வைத்துப் பிடித்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். மழைக்காலத்தில் இன்னும் சுலபம், நல்ல மழை நாளில் தொட்டியை மாடியில் வைத்துவிட்டால் படிந்த உப்பெல்லாம் அடிவழியாக வெளியேறிவிடும், இலையில் இருக்கும் தூசியும் போகும். மேலே படிந்திருக்கும் வெள்ளை மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள்.

இலை பளபளவென்று இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?
*வாசகி, நாகர்கோவில்*

வேண்டாம். ஒரு நாள் பளபளக்கும், இரண்டாம் நாளிலிருந்து தூசி ஒட்ட ஆரம்பிக்கும். பால், பியர், மயோனைஸ் என்றெல்லாம் வீடியோ போடுகிறார்கள், அவர்கள் வீட்டில் எறும்பே கிடையாது போல. இந்த இலைக்கு இயற்கையாகவே மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது, தூசியைத் துடைத்தால் போதும், தானே மின்னும். ஒரு கையை இலைக்கு அடியில் தாங்கலாக வைத்துக்கொண்டு, மற்றொரு கையில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியால் காம்புப் பக்கத்திலிருந்து நுனிக்குத் துடையுங்கள். அடிப்பக்கத்தையும் துடைக்க மறக்காதீர்கள், இலை மூச்சுவிடும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன, பூச்சியும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கல்லூரியில் தாவரவியல் படித்தவர்களுக்கு இந்த இலையின் குறுக்குவெட்டு ஞாபகம் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மேல்தோலுக்குக் கீழே சுண்ணாம்புப் படிகங்கள் குட்டித் திராட்சைக் குலையாகத் தொங்கும், சிஸ்டோலித் என்று எழுதி மார்க் வாங்கியிருப்பார்கள்.

நுனியில் சிவப்பாக மிளகாய் போல ஒன்று வந்து, பிறகு காய்ந்து விழுந்துவிட்டது. பூவா? பூ கருகிவிட்டதா?
*வாசகி, தஞ்சாவூர்*

பூ இல்லை, புது இலையின் உறை. உள்ளே இலை சுருண்டு வளரும், விரியும் நேரம் வந்ததும் உறை ஒரு பக்கமாகப் பிளந்து கழன்று விழும். அது சிவப்பாக நீளமாக வருகிறது என்றால் செடி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சீக்கிரம் விரியட்டும் என்று பிய்த்துவிடாதீர்கள், இலை கசங்கியே பிறக்கும். பூ, காய் எல்லாம் காட்டில் பெரிய மரமானால்தான். அதற்கும் அத்தி இனத்துக்கே உரிய ஒரு குட்டிக் குளவி வந்து மகரந்தம் சேர்த்தால்தான் விதை பிடிக்கும்.

இலைக் காம்பு இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு போல இருக்கிறது, தரையில் பிசுபிசுப்பு, எறும்பு வேறு.
*வாசகர், மதுரை*

மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் போல ஒன்றைக் கழிக்கும், அதற்குத்தான் எறும்பு வருகிறது. இன்றே அந்தத் தொட்டியை மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள், முக்கியமாகப் பால்கனியில் செம்பருத்தி இருந்தால், பூச்சி அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். காது குடையும் பஞ்சுக் குச்சியை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடையுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் வெயில் போன பிறகு இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். ஒரு தடவையோடு விட்டால் முட்டை பொரித்து மறுபடி வரும், வாரம் ஒருமுறை வீதம் ஒரு மாதமாவது செய்ய வேண்டும். ஏசி எப்போதும் ஓடும் அறையில் இலை மங்கி ஊசி குத்தியது போலப் புள்ளியும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் அது சிலந்திப்பேன், அதற்கும் இதே வைத்தியம், கூடவே இலையைத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும்.

எங்கள் செடி ஒற்றைக் குச்சியாக ஏழடி வளர்ந்து சீலிங்கை முட்டப்போகிறது. கீழே நாலடிக்கு இலையே இல்லை. பேசாமல் காம்பவுண்டுக்குள் தரையில் நட்டுவிடலாமா?
*வாசகர், வேலூர்*

தரையில் மட்டும் நட்டுவிடாதீர்கள். இது காட்டில் நூறடிக்கு மேல் போகும் மரம். ஆலமரத்தின் சொந்தம் என்று சொன்னேன் அல்லவா, வேர் விஷயத்தில் அண்ணன் தம்பிதான். காம்பவுண்டுச் சுவர், சம்ப், கழிவுநீர்க் குழாய் எதையும் விடாது. இதன் வேருக்கு எவ்வளவு பலம் என்று தெரிய வேண்டுமானால் தெற்கு மேகாலயாவைப் பார்க்க வேண்டும். காசி, ஜெயந்தியா மக்கள் ஆற்றங்கரையில் நிற்கும் இதே மரத்தின் விழுதுகளை, பிளந்து குடைந்த பாக்கு மரத் தண்டுக்குள் விட்டு மறுகரைக்கு இழுத்து, பல வருடம் பொறுத்திருந்து உயிருள்ள பாலமாகவே வளர்த்திருக்கிறார்கள். நோங்ரியாட் கிராமத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்குப் பாலமே இருக்கிறது. இந்த வேர்ப்பாலங்கள் 2022-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்த ஊரில் அது பாலம், உங்கள் ஊரில் அது பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறு.

உங்களுக்கு வழி விண்பதியம். கொய்யாவுக்கும் மாதுளைக்கும் செய்கிறார்களே, அதேதான். நுனியிலிருந்து ஒன்றரை இரண்டடி கீழே, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, தண்டைச் சுற்றி ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை மோதிரமாக உரித்து எடுங்கள். பால் கொட்டும், கீழே பழைய பேப்பர் விரித்துவிட்டுத் தொடங்குங்கள், சோபாவிலும் சட்டையிலும் பட்டால் கறை போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஈரத்துணியை வைத்துச் சற்று நேரம் அழுத்தினால் பால் நின்றுவிடும். உரித்த இடத்தில் வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும், அதைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள், விட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. மேல் விளிம்பில் கொஞ்சம் வேர் ஊக்கிப் பொடி தடவி, நனைத்துப் பிழிந்த பாசி அல்லது கோகோபீட்டைக் கைப்பிடி அளவு வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். வெளிச்சம் படாமல் அதன் மேல் ஒரு பேப்பரும் சுற்றிவிட்டால் நல்லது. ஆறு முதல் எட்டு வாரத்தில் பேப்பரை விலக்கிப் பார்த்தால் வெள்ளையாக வேர் சுற்றியிருப்பது தெரியும். நான்கைந்து வேர் நன்றாக நீண்ட பிறகு அதற்குக் கீழே வெட்டித் தனித் தொட்டியில் நடுங்கள்.

மிச்சம் நிற்கும் மொட்டைக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நுனி இருக்கும்வரை அது சுரக்கும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழ் மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும், நுனி போனதும் அவை விழிக்கும். நல்ல வெளிச்சத்தில் வைத்தால் வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வரும், ஒரு செடி இரண்டாகிவிட்டது. இதைத் தை மாதத்துக்குப் பிறகு, வளர்ச்சி வேகமெடுக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு போடலாமா?
*வாசகி, ஈரோடு*

மாடித் தோட்டத்தில் போடுங்கள். ஹாலுக்குள் வேண்டாம், நாறும், குட்டிக் குட்டி ஈ பறக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். வெளிச்சம் குறைவான இடத்தில் நிற்கும் செடிக்கு அதுகூட வேண்டாம்; வளராமல் நிற்பது பசியால் அல்ல.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கு கொசு வரும் என்கிறார்கள். செடியையே எடுத்துவிடச் சொல்கிறார் வீட்டுக்காரர்.
*வாசகி, அம்பத்தூர்*

கொசு விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி, செடியை எடுப்பதுதான் அதிகப்படி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, இந்த மாதிரி தட்டில் நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீர் ஊற்றி அரைமணி நேரத்தில் தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள், வேருக்கும் அதுதான் நல்லது. வெறுமனே கொட்டினால் மட்டும் போதாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை: முட்டை தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தாலும் தலைநிமிர்ந்து காட்டலாம்.

பூனை இலையைக் கடிக்கிறது. விஷமா?
*வாசகர், புதுச்சேரி*

வாய் எரியும், வாந்தி எடுக்கலாம், பொதுவாக அதற்கு மேல் போகாது. இருந்தாலும் எட்டாத இடத்தில் வையுங்கள். சோர்ந்து படுத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் நான் அதிகம் பயப்படுவது டிஃபன்பேக்கியா என்ற இன்னொரு வீட்டுச் செடிக்குத்தான், கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கிவிடும்.

இங்கே டிசம்பர் வந்தால் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. ஹீட்டர் போட்டதும் இலை உதிர்கிறது. ஊரில் அம்மா வீட்டில் மரமாக நிற்கும் செடி இங்கே ஏன் இப்படி?
*வாசகி, டொராண்டோ*

வெளிச்சம் குறைந்ததுதான் முதல் காரணம், ஹீட்டரின் வறண்ட காற்று இரண்டாவது. தெற்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், உங்கள் குளிர்கால வெயில் இதைச் சுடாது. ஆனால் இலை கண்ணாடியில் உரசக் கூடாது, வெப்பக் காற்று வரும் தரைத் துவாரத்துக்கு நேர் மேலேயும் வைக்கக் கூடாது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் செடி தாங்காது. ஜன்னல் இல்லையென்றால் ஒரு வெள்ளை எல்.இ.டி. விளக்கை இலைக்கு ஓரடி மேலே பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். குளிர்காலம் முழுக்க உரம் வேண்டாம், தண்ணீர் பாதியாகக் குறையட்டும். இரவு வெப்பம் பன்னிரண்டு பதின்மூன்று டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகு ஜூனில் வெளியே நிழலில் வைத்து, செப்டம்பர் நடுவில் உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து பனிக்காலத்தில் செடி வாங்கி வருவதானால் காருக்குப் போகும் அந்த இரண்டு நிமிடத்துக்கும் சுற்றிப் போர்த்தித்தான் எடுத்துப் போக வேண்டும்.

முதன்முதலாக வாங்கப் போகிறேன். பச்சை, கருஞ்சிவப்பு, வெள்ளையும் ரோஸும் கலந்தது என்று பல வகை இருக்கிறதே, எது வாங்கலாம்?
*வாசகர், தூத்துக்குடி*

பச்சை அல்லது பர்கண்டி எனப்படும் கருஞ்சிவப்பு. டினெகி, ரூபி போன்ற வண்ணக் கலவைகளில் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, மிச்சப் பச்சைதான் மொத்தச் செடிக்கும் சமைக்க வேண்டும், அதனால் வெளிச்சமும் கூடுதலாக வேண்டும், வளர்வதும் மெதுவாக இருக்கும், விலையும் அதிகம். கலவைச் செடியில் ஏதாவது ஒரு கிளை முழுப் பச்சையாக வந்தால் உடனே வெட்டிவிட வேண்டும், விட்டால் அதுவே ஓங்கிவிடும்.

நர்சரியில் உயரமான செடியைத் தேடாதீர்கள், இரண்டடிச் செடி வீட்டுக்குச் சீக்கிரம் பழகும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், காம்பு இடுக்கில் பாருங்கள். தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள், மண்ணோடு சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்திருக்கிறது, தண்டு மட்டும் தனியாக ஆடினால் நேற்றுச் செருகியது. ஒரே தொட்டியில் மூன்று நான்கு குச்சி சேர்த்து நட்டுப் புதராகக் காட்டுவார்கள், அதை வாங்கினாலும் தப்பில்லை, அடுத்த வருடம் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.